தண்ணீர் போன வழி



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் துரு. மேடையில் பேச இது ஒரு பொருளா என்று சிலர் நினைக்கலாம். ஒரு பழைய செயின் டிராக்டரை மனக்கண்ணில் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். இருபது வருடம் மரத்தடியில் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து கிடக்கிறது. இன்ஜின் சுற்றவில்லை. லீவரை இழுத்தால் அசையவில்லை. செயின் கல்லில் செதுக்கியதுபோல நிற்கிறது. போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினால் ஸ்பேனர்தான் வழுக்குகிறது. பார்க்க வருகிறவர்கள் சுற்றிவந்து, செயினை ஒரு உதை உதைத்து, “சீஸ் ஆயிடுச்சு” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. இன்ஜின் பிடித்துக்கொண்டதும், கிளட்ச் பிடித்துக்கொண்டதும், செயின் பிடித்துக்கொண்டதும், ஒரு ஸ்டட் பிடித்துக்கொண்டதும் ஒரே நோயா? எல்லா இடத்துக்கும் தண்ணீர் ஒரே வழியாகவா போனது? இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. அந்த வழியைக் கண்டுபிடித்தால் மருந்து போகும் வழியும் தெரிந்துவிடும். அதைத் தேடாமல் சம்மட்டியை எடுத்தவர், துரு கெடுக்காமல் விட்டுவைத்ததையும் சேர்த்துக் கெடுத்துவிடுவார். இன்றைக்கு நான் நிரூபிக்க வந்திருப்பது இதைத்தான்.

பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றில் போய்விடும். ஆகையால் ஒரு இயந்திரத்தைப் பிடித்துக்கொள்வோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டாக்டன் என்றொரு ஊர். அதைச் சுற்றியுள்ள ஆற்றுமுகத் தீவுகளின் மண் சொதசொதவென்று இருக்கும். கனமான நீராவி டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும். பாரத்தைப் பரப்புவதற்காகச் சக்கரத்தை அகலமாக்கினார்கள், மேலும் அகலமாக்கினார்கள். ஒரு கட்டத்தில் வண்டியின் மொத்த அகலம் 40 அடியைத் தாண்டிவிட்டது. அதைத் திருப்புவது எப்படி, பாலம் தாண்டுவது எப்படி? அங்கே டிராக்டர் செய்துவந்த பெஞ்சமின் ஹோல்ட் 1904 நவம்பரில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வண்டி தன் பாதையைத் தானே விரித்துக்கொண்டு போகும்படி செயினை மாட்டி ஓட்டிப் பார்த்தார். அது ஊர்ந்துபோன விதத்தைப் பார்த்துத்தான் கேட்டர்பில்லர், அதாவது கம்பளிப்பூச்சி, என்ற பெயர் வந்தது. 1925இல் ஹோல்ட்டின் நிறுவனமும் போட்டியாளரான பெஸ்ட்டின் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் டிராக்டர் கம்பெனி ஆனது. அந்தக் கம்பெனி 1938 முதல் 1957 வரை செய்த டி2 என்ற சிறிய டீசல் டிராக்டர்தான் இன்று நம் உதாரணம். நான்கு சிலிண்டர். டீசல் இன்ஜினைக் கிளப்புவதற்கென்றே பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று குட்டிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். திருப்புவதற்கு ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. இரண்டு லீவர், இரண்டு பிரேக் பெடல், அவ்வளவுதான். அந்தக் காலத்து செயின் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே எலும்பு, இதே நரம்பு.

முதலில் துரு ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறது என்று பார்ப்போம். இரும்பு துருவாகும்போது தேய்ந்து குறைகிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பருக்கிறது. இரும்பு எடுத்துக்கொண்டிருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு கேட்கும். ஈரமும் சேர்ந்தால் இன்னும் கேட்கும். திறந்த வெளியில் உள்ள தகட்டில் அது செதில் செதிலாக உதிர்ந்துவிடும், பிரச்சினை இல்லை. பிஸ்டன் ரிங்குக்கும் அது உட்காரும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடுக்கில் துரு எங்கே போய்ப் பருக்கும்? இரண்டு பக்கத்தையும் நெருக்கும். மரத்தில் அடித்த ஆப்புபோல நிற்கும். ஆனால் இந்த ஆப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. அது கெட்டி இரும்பு இல்லை. பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த தூள். எண்ணெயை உறிஞ்சும். தட்டினால் நொறுங்கும். சூடாக்கினால் ஈரம் வற்றிப் பொடியாகும். இந்த மூன்று குணங்களையும் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகும் வைத்தியம் எல்லாம் இவற்றிலிருந்து கிளைத்ததுதான்.

இப்போது இன்ஜினுக்கு வருவோம். இன்ஜினுக்குள் தண்ணீர் எப்படிப் போயிருக்கும்? புகைக்குழாய் நேராக வானத்தைப் பார்த்து நிற்கிறது. அதன் வாயில் மூடி இல்லை. ஒவ்வொரு மழையிலும் அது ஒரு புனல். குழாய் வழியே இறங்கிய தண்ணீர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு வருகிறது. அங்கிருந்து நான்கு சிலிண்டருக்கும் நான்கு வாசல். நான்கிலும் நுழையுமா? நுழையாது. வாசலில் வால்வு இருக்கிறது. இன்ஜின் கடைசியாக நின்ற நாளன்று எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடி நின்றதோ, அந்த வாசலில்தான் தண்ணீர் நுழையும். நான்கு சிலிண்டர் இன்ஜினில், எந்த நேரத்தில் நிறுத்தினாலும், ஒன்றிலோ சில வேளை இரண்டிலோதான் அந்த வால்வு திறந்திருக்கும். இதன் பொருள் என்ன? முழு இன்ஜினும் செத்துவிட்டது என்று ஊரே சொல்கிறதே, அந்த இன்ஜினில் பெரும்பாலும் பிடித்திருப்பது ஒரே ஒரு பிஸ்டன். மற்ற மூன்றும் எண்ணெய்ப் பூச்சோடு சும்மா காத்திருக்கின்றன. நான்கு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் காலை ஊன்றிக்கொண்டு நின்றால் மற்ற மூவரையும் அடித்து என்ன பயன்? அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. வால்வு கவரைத் திறந்து, எந்த ராக்கர் எக்ஸாஸ்ட் வால்வை அழுத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தால் போதும். தண்ணீர் குடித்த சிலிண்டர் எது என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

அடுத்து அந்த சிலிண்டருக்குள் பாருங்கள். பிஸ்டனின் தலைமேல் தண்ணீர் தேங்கியிருந்தது. அதனால் துரு பிஸ்டனுக்கு மேலே உள்ள லைனர் சுவரில்தான் வளையமாகப் படிந்திருக்கும். பிஸ்டனுக்குக் கீழே உள்ள சுவர் பெரும்பாலும் பளபளப்பாகவே இருக்கும். ஆக, அந்த பிஸ்டனை மேலே தள்ளுவது என்றால் முள்வேலிக்குள் தள்ளுவது. கீழே தள்ளுவது என்றால் திறந்த வயலுக்குள் தள்ளுவது. ஹெட்டைக் கழற்றியிருந்தால் முதலில் மேல் சுவரைத் தேய்த்துத் துருவை எடுத்துவிட்டு, ஓரமெங்கும் மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். எண்ணெய் மட்டம் இறங்குகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இறங்கினால் மகிழ்ச்சி, வழி திறக்கிறது. இறங்கவே இல்லை என்றால் வழி இன்னும் அடைத்திருக்கிறது, அவசரப்படக்கூடாது. பிறகு பிஸ்டனின் வாய் அளவுக்கு உருட்டிய கெட்டி மரக்கட்டையை அதன்மேல் வைத்து, கட்டையைத் தட்ட வேண்டும். இரும்பால் நேராக பிஸ்டனைத் தட்டினால் உடைவது பிஸ்டன்.

இந்த இடத்தில் பலர் கோட்டை விடும் ஒரு சங்கதி இருக்கிறது. பிஸ்டன் தன் ஓட்டத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தால், மேலிருந்து எத்தனை டன் அழுத்தினாலும் இன்ஜின் சுற்றாது. சைக்கிள் மிதிகட்டை நேர் மேலே நிற்கும்போது அதன்மேல் ஏறி நின்றால் சைக்கிள் நகருமா? நகராது, அச்சுதான் வளையும். அதே கதைதான். கிராங்க் சற்றுச் சாய்ந்திருக்கும் நிலையில்தான் அழுத்தம் சுழற்சியாக மாறும். ஆகவே அடிப்பதற்கு முன்னால் பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். இன்னொன்றும் உண்டு. டி2 இன்ஜினில் லைனர்கள் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவை. வெளிப்புறம் முழுதும் தண்ணீரில் நிற்பவை. ஹெட் இல்லாதபோது லைனரைக் கீழே இறுக்கிப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றினால், மேலே ஏறும் பிஸ்டன் லைனரையும் தோளில் தூக்கிக்கொண்டு வரும். அப்போது அடியில் உள்ள ரப்பர் வளையம் இடம் பெயரும், நாளைக்கு ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயோடு கலக்கும். வால்வு தண்டு கைடில் துருப்பிடித்து ஒட்டியிருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால் புஷ்ராடு வளையும். இவை எல்லாம் துரு செய்த சேதமா? கிடையாது, அவசரம் செய்த சேதம்.

ஹெட்டைக் கழற்றாமல் செய்யும் முறையும் ஒன்று உண்டு. அதன் கணக்கு அழகானது. இன்ஜெக்டர் உட்காரும் துளையில் ஒரு பொருத்தியை மாட்டி, கிரீஸ் கன்னால் சிலிண்டருக்குள் கிரீஸை நிரப்பி அழுத்துவது. ஆரம்பகால டி2 இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 3.75 அங்குலம், அதாவது பிஸ்டன் தலையின் பரப்பு ஏறக்குறைய 11 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தம் கொடுத்தால், பிஸ்டன்மேல் விழும் பாரம் 33,000 பவுண்டு, சுமார் 15 டன். கையால் அமுக்கும் ஒரு கிரீஸ் கன்னிலிருந்து 15 டன்! அதுவும் சம்மட்டிபோல ஒரு முனையில் விழாமல், தலை முழுவதும் ஒரே சீராக. ஆனால் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். தண்ணீர் குடித்த சிலிண்டர் எது? வால்வு திறந்து நின்ற சிலிண்டர். வால்வு திறந்திருந்தால் கிரீஸ் அந்த வழியாகவே வெளியே ஓடிவிடும். ஆகையால் முதலில் ராக்கர் தண்டைக் கழற்றி, வால்வு தன் ஸ்பிரிங் பலத்தில் மூடிக்கொள்ள விட வேண்டும். அது மூடவில்லை என்றால் வால்வும் பிடித்திருக்கிறது. அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தண்ணீர் போன வழியை அடைக்காமல் அழுத்தம் நிற்காது. கூடவே ஒரு எச்சரிக்கை: அழுத்தத்தில் இருக்கும் கிரீஸ் ஊசித் துளை அளவு கசிந்தாலும் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் பார்த்தால் கொசுக்கடிபோலத்தான் இருக்கும். உள்ளே விரலையே பறிக்கும் காயம். உடனே அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம் அது.

“இவ்வளவு யோசனை எதற்கு? வேறொரு டிராக்டரில் கயிறு கட்டி, டாப் கியரில் போட்டு, இழுத்தால் சுற்றிவிடுமே” என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றும் வண்டிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இழுக்கும்போது என்ன நடக்கிறது? பல டன் இழுவையும் கியர்பாக்ஸ் வழியாக வந்து, பிடித்திருக்கும் அந்த ஒரே பிஸ்டனின் கனெக்டிங் ராடில் போய் விழுகிறது. ராடு வளையலாம், ரிங் பள்ளத்தின் விளிம்பு பெயரலாம். இன்ஜின் சுற்றிவிட்டது என்று கைதட்டிவிட்டு மறுவாரம் அதே இன்ஜினை மீண்டும் பிரிப்பதைவிட, முதல் வாரமே ஊறப்போடுவது லாபம்தானே?

இங்கே இன்னொரு ஆட்சேபத்தையும் சந்தித்துவிட வேண்டும். கொஞ்சம் கனமான ஆட்சேபம். “எண்ணெய் உள்ளே போகிறது என்பதே மூடநம்பிக்கை. வாரக்கணக்கில் ஊற்றிவிட்டுக் கழற்றிப் பார்த்தால் மரையின் முதல் இரண்டு சுற்றைத் தாண்டியிருக்காது” என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். இதில் பாதி உண்மை. எண்ணெய் மந்திரத்தால் நடப்பதில்லை. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுகிறதே, அந்த நியாயத்தில்தான் நடக்கிறது. இடுக்கு இருக்க வேண்டும், எண்ணெய் மெல்லியதாக இருக்க வேண்டும், மறுமுனையில் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். அடி மூடிய துளையில் இறுகிய ஸ்டட்டில் உள்ளே மாட்டிய காற்றுக்கு வெளியே போக வழி இல்லை. கெட்டியான கிரீஸையோ பழைய இன்ஜின் எண்ணெயையோ ஊற்றிவிட்டு “எண்ணெய் வேலை செய்யவில்லை” என்றால் அது எண்ணெயின் குற்றமா? நாம் எல்லோரும் டப்பியிலிருந்து பீய்ச்சுகிறோமே டபிள்யூடி-40, அது 1953இல் சான் டியேகோவில் ராக்கெட் உடம்பில் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்யப்பட்ட கலவை. ‘தண்ணீரை விலக்குவது, நாற்பதாவது முயற்சி’ என்பதுதான் அந்தப் பெயரின் விரிவு. தன் வேலை என்ன என்று தன் பெயரிலேயே சொல்லிவிட்டது, நாம்தான் கேட்கவில்லை. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து ஊற்றுகிற பழக்கமும் பட்டறைகளில் உண்டு. அது மெல்லியது, நன்றாக இறங்கும். ஆனால் இரண்டும் பிரிந்து பிரிந்து நிற்கும், குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது.

எண்ணெய் ஊற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் எண்ணெய் ஏமாற்றம் தருகிறது. ஊற்றிய பிறகு தட்ட வேண்டும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறோமே, அதில் பெரிய அடி என்று எங்கேயாவது சொல்லியிருக்கிறதா? அடி மேல் அடி என்றுதான் சொல்லியிருக்கிறது. சின்னச் சின்னத் தட்டல் துருத்தூளில் விரிசல் போடும். விரிசலில் எண்ணெய் இறங்கும். இறங்கிய எண்ணெய்மேல் மறுநாள் மீண்டும் தட்டல். போல்ட்டைக் கழற்றும் பக்கம் மட்டும் முறுக்காமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல், பிறகு கழற்றும் பக்கம் ஒரு நூல் என்று ஆட்டிவிட்டால் துரு தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். கால் சுற்று வந்ததும் ஆசையில் ஒரேயடியாகச் சுற்றினால், அரைபட்ட தூள் மரையில் கூடி மறுபடியும் அடைக்கும். போல்ட் முறிவது பெரும்பாலும் அப்போதுதான்.

சரி, எண்ணெய் போக வழியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? அங்கேதான் நெருப்பு. நம் ஊர்களில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். பட்டா மரச்சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியது. அதை நெருப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சினால் விரிந்து சக்கரத்தில் இறங்கும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்கிக் கவ்வும். சூடாகும்போது வளையத்தின் இரும்பு உள்பக்கமும் பருத்து ஓட்டையைச் சிறிதாக்கும் என்று படித்தவர்களே தப்பாக நினைப்பதுண்டு. வண்டிப் பட்டா அதற்குப் பதில். ஓட்டையும் பெரிதாகும். இரும்பு ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். 25 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை 300 டிகிரி கூட்டினால் துளை ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடியின் கனம். அவ்வளவு போதுமா என்றால், துரு பிடித்து வைத்திருப்பதே அந்த அளவுக்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை. நட்டும் போல்ட்டும் சேர்ந்து ஒரே சூட்டுக்கு வந்தால் இரண்டும் சேர்ந்தே பருக்கும், இடைவெளி பிறக்காது. வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் இன்னொன்று மாட்டிக்கொண்டால் என்ன செய்கிறோம்? வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து, உள் டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றுகிறோம். யாரும் சொல்லித்தராமலே நம் சமையலறைகளில் இருக்கும் இயற்பியல் அது. பட்டறையிலும் அதேதான்: நட்டை மட்டும், வேகமாக, சூடாக்க வேண்டும். சூடு இறங்கும்போது மெழுகுவத்தியை மரையின் வாயில் தேய்த்தால், உருகிய மெழுகு இடுக்கில் வழிந்து உள்ளே போய் வழுக்குப் பொருளாக நிற்கும். மண்ணெண்ணெயில் ஊறிய பாகத்தைத் துடைக்காமல் அதன்மேல் கேஸ் சுடரைக் காட்டுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, தீயணைப்பு நிலையத்தின் எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர.

“வெட்டிப் போட்டுவிட்டால் பத்து நிமிட வேலை, நேரம் பணம் இல்லையா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. இணைந்திருக்கும் இரண்டு பாகத்தில் எது மலிவு, எது அரிது என்று முதலில் பிரியுங்கள். நட் மலிவு, அதைப் பிளந்து எடுங்கள், கவலை இல்லை. போல்ட் மலிவு, வெட்டுங்கள். ஆனால் அது இறங்கியிருக்கும் வார்ப்பிரும்பு உறை, எழுபது எண்பது வருடத்துக்கு முன் வார்த்தது; அதன் மரை போனால் அது வேறு கதை. முறிந்த ஸ்டட்டின் நடுவில் துளை போட்டு, அதைக் கழற்றும் ஈஸி அவுட் என்ற கருவியை மாட்டி முறுக்குகிறோம். அது கடினமான எஃகு. கடினம் என்றால் நொறுங்கும் குணமும் கூடவே வரும். ஸ்டட்டைக் கழற்ற முடியாத பலத்தில் முறுக்கினால் ஈஸி அவுட்தான் உள்ளே முறியும், பிறகு அதைத் துளைக்கச் சாதாரண டிரில் பிட் போதாது. இதைவிட, முறிந்த ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியே வெல்டிங் செய்து நிரப்புவது எத்தனையோ மேல். பிடிக்க ஒரு தலையும் கிடைக்கிறது, வெல்டிங் சூட்டில் ஸ்டட் பருத்து, நெருக்குண்டு, ஆறும்போது சற்று இளைத்தும் போகிறது. ஒரே செயலில் இரண்டு பலன்.

செயின் டிராக்டருக்கே உரிய நோய் ஒன்று இருக்கிறது, ஸ்டீயரிங் கிளட்ச். சீட்டுக்கு அடியில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் பலம் துண்டிக்கப்படும். வண்டி இடது பக்கம் திரும்பும். உள்ளே இருப்பது எஃகுத் தட்டும் உராய்வுத் தட்டும் மாறி மாறி அடுக்கிய அடுக்கு. ஸ்பிரிங் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும். டி2 போன்ற வண்டிகளில் இவை எண்ணெய் இல்லாமல் உலர்ந்து இயங்குபவை. இனிக் கேளுங்கள்: அங்கே தண்ணீர் எப்படிப் போனது? சீட் இடுக்கு, லீவர் வெளிவரும் துளை, பிரேக் பெடலின் துளை, கியர் லீவரின் கிழிந்த ரப்பர். போன தண்ணீர் ஏன் வெளியேறவில்லை? அடியில் வடிகால் துளை இருக்கிறது; அதன் வாயில் களிமண் காய்ந்து அடைத்திருக்கிறது. ஆகையால் தொட்டிபோலத் தேங்கி, தட்டுகளை ஒரே கட்டியாக ஒட்டவைத்துவிட்டது. வண்டி ஓடும், நேராக மட்டும் ஓடும். மூக்கணாங்கயிறு அறுந்த மாடுபோலத் திருப்ப முடியாமல் ஓடும்.

இதற்காகப் பின்பக்கம் முழுவதையும் பிரித்துப் போட வேண்டுமா? பிரித்தால் நல்லதுதான், ஆனால் அது கடைசி வேலை. முதலில் வடிகாலைச் சுரண்டித் திறந்து, தேங்கிய சேற்றுத் தண்ணீரை வடித்துவிட்டு, மூடி, தண்ணீர் போன அதே மேல்வழியாக மண்ணெண்ணெயை ஊற்றி நிரப்புங்கள். நாள்கணக்கில் ஊறட்டும். லீவரைப் பின்னுக்கு இழுத்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஸ்பிரிங்கின் நெருக்கம் விலகி இருக்கும்போதுதான் தட்டுகளுக்கு நடுவில் திரவம் நுழையும். கட்டாமல் ஊறவைப்பது, மூடிய வாயில் மருந்து ஊற்றுவதுபோல. இன்ஜின் ஓடுகிற நிலையில் இருந்தால், முன்னும் பின்னும் ஆளில்லாத திறந்த இடத்தில், மண்ணெண்ணெயை வடித்துவிட்டு, முதல் கியரில் மெதுவாக நகர்த்தி, லீவரை இழுத்தபடியே அந்தப் பக்க பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். செயின் நிற்க விரும்பும், இன்ஜின் சுற்ற விரும்பும். நடுவில் உள்ள துருக்கட்டி பெயரும். சில நேரம் வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம், பல நாள் காத்திருந்து கேட்கிற சத்தம் அது. பிறகு சுத்தமான மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பழுப்பு நிறம் போகும்வரை வடித்து, காயவிட வேண்டும். மெல்லியது ஆவியாகிப் போகும். கெட்டி எண்ணெய் ஊற்றியிருந்தால் உலர் தட்டுகள் அதன்பின் வழுக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே போக எந்தத் திரவம் என்று கேட்கிறோமே, வேலை முடிந்து வெளியே வரவும் தெரிந்த திரவமா என்று கேட்பதில்லை.

செயினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பின், பின்னைச் சுற்றி ஒரு புஷ். இரண்டுக்கும் நடுவில் துருப் புகுந்தால் கணு மடங்காது. ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி இருந்த கணுக்கள் தரையில் விரித்தாலும் அதே வளைவில் கூனி நிற்கும். எண்ணெய் இங்கே ஓரத்தில் மட்டும்தான் நுழையும் என்பதால் ஊறவைத்து, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி, கணுவை மடக்கி மடக்கித்தான் பழக்க வேண்டும். பின்னையே கழற்றுவது என்றால் பல பத்து டன் அழுத்தும் பிரஸ் வேண்டும். செயினை இறுக்கிப் பிடிக்கும் பெரிய ஸ்பிரிங்கை மட்டும் தொடும் முன் நூறு முறை யோசியுங்கள். அது டன் கணக்கான பலத்தை உள்ளே சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. துரு அதைப் பிடித்திருப்பது சில வேளை நம் நல்ல காலம்.

சிறிய பாகங்களுக்கு வேறு வைத்தியமும் உண்டு. கரும்பாலைக் கழிவுப்பாகைத் தண்ணீரில் கரைத்து வாரக்கணக்கில் ஊறப்போட்டால் துரு கரையும், இரும்பு அவ்வளவாகக் கரையாது. அலுமினியத்தை மட்டும் அதில் போடக்கூடாது. சலவைச் சோடா கரைசலில் பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், பழைய இரும்புத் துண்டைப் பாசிட்டிவ் முனையிலும் கட்டித் துருவைக் கழற்றலாம். அங்கே பாசிட்டிவ் முனையில் எவர்சில்வர் துண்டைக் கட்டினால் குரோமியம் கரைந்து விஷமாகும். கிளம்பும் வாயு ஹைட்ரஜன். அதனால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

“இத்தனை பாடுபட்டு ஒரு பழைய டிராக்டரை ஏன் எழுப்ப வேண்டும்?” என்று கடைசியாக ஒரு கேள்வி. 1949இல் உலக வங்கி இந்தியாவுக்கு 1 கோடி டாலர் கடன் கொடுத்தது; மத்திய இந்தியாவில் ஆழ வேரோடிய கான்ஸ் புல் மூடிக்கிடந்த நிலங்களைக் கனரக டிராக்டர் கொண்டு உழுது மீட்பதற்காக. மாட்டு ஏரால் முடியாத ஆழம் அது. அப்படிப்பட்ட இயந்திரங்கள் எப்படி இயங்கின என்று தெரிந்துகொள்ள ஓடுகிற வண்டி ஒன்று வேண்டும், படம் போதாது. பழைய வண்டி புகை விடும், டீசல் குடிக்கும், உண்மைதான். தினமும் உழ அதைக் கொண்டுபோகச் சொல்லி நான் வாதாடவில்லை.

சரி, நம் டிராக்டருக்குத் திரும்புவோம். இன்ஜின் விடுபட்டுவிட்டது, கையால் சுற்றுகிறது, பெட்ரோல் குட்டி இன்ஜினும் தயார். கிளப்பலாமா? பொறுங்கள். டீசல் பம்ப்புக்குள் ஒரு ரேக் இருக்கிறது. எவ்வளவு டீசல் என்று தீர்மானிக்கும் பல்வரிசைக் கம்பி. இருபது வருடம் நின்ற வண்டியில் அதுவும் பிடித்திருக்கும். முழு டீசல் நிலையில் பிடித்திருந்தால், கிளம்பிய இன்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும். த்ராட்டிலை மூடினாலும் கேட்காது, சாவி திருப்பி நிறுத்த டீசலில் தீப்பொறி கிடையாது. ஆகையால் கிளப்பும் முன் ரேக் விரலால் தள்ளினால் வழுக்கிப் போய்த் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகும், காற்று உள்ளே போகும் குழாயின் வாயருகே ஒருவர் ஒரு தட்டைப் பலகையோடு நிற்க வேண்டும். டீசலை நிறுத்த முடியாவிட்டால் காற்றை நிறுத்தத்தான் அந்தப் பலகை. கையால் மூடலாம் என்று நினைக்காதீர்கள்; அந்த உறிஞ்சலுக்கு முன் கை நிற்காது. பலகைக்காரர் இடத்தில் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு, குட்டி இன்ஜினின் கயிற்றைச் சுற்றுங்கள்.